நான்காம் அத்தியாயம்: குடும்ப விளையில் கருப்பட்டி காய்ச்சுதல்

தூத்துக்குடிக்குத் தெற்கே, திருச்செந்தூரிலிருந்து உடன்குடி, சாத்தான்குளம் வரையில் பரந்து கிடக்கும் தேரியின் செம்மணலில் முப்பது நாற்பது பனைகள் நிற்கும் ஒரு சிறு விளையைப் பாட்டன் காலந்தொட்டு அனுபவித்துவரும் குடும்பம், தன் வீட்டுத் தேவைக்கும், மிகுந்ததை விற்றுச் சிறிது கைச்செலவுக்கும் கருப்பட்டி காய்ச்ச முற்படுமானால், மற்றெல்லாவற்றுக்கும் முன்னதாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கருப்பட்டியின் குணத்தை நிர்ணயிப்பது கலயம். அந்த நிர்ணயத்தை வெளிப்படுத்துவதோடு அடுப்பின் வேலை முடிந்துவிடுகிறது. பாளையின் நுனியிலிருந்து முதற்சொட்டு கலயத்தில் விழுந்த நேரந்தொடங்கி, அந்தப் பதனீர் தாச்சியில் கொதி காணும் வரையில் அதைப் புளிப்பேறாமலும் அழுக்குப் படாமலும் காத்தவன் சுமாரான அடுப்பிலும் நல்ல கருப்பட்டி எடுப்பான். காக்கத் தவறியவனுக்கு எவ்வளவு சிறந்த அடுப்பும், எவ்வளவு தேர்ந்த கையும் உதவமாட்டா.

மரத்தின் இனிய சாற்றைக் காய்ச்சி ஆண்டு முழுமைக்கும் சேமித்துக்கொள்ளும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. கனடாவின் கியூபெக் மாகாணத்திலும், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலும், குளிர்காலம் முடிந்து வசந்தம் தலைகாட்டும் நாட்களில் மேப்பிள் மரத்தின் அடிமரத்தில் சிறு துளையிட்டு, இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலுமாக மாறிவரும் அந்தச் சில வாரங்களில் வடியும் சாற்றைச் சேர்த்துக் குடும்பத்தோடு பாகு காய்ச்சுகிறார்கள். அந்தச் சாற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே சர்க்கரை இருப்பதால், ஒரு லிட்டர் பாகுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் சாறு வற்றவேண்டியிருக்கிறது. நமது பதனீரிலோ நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பங்கு வரை சர்க்கரை உண்டாதலின், எட்டு முதல் பத்து லிட்டரிலேயே ஒரு கிலோ கருப்பட்டி கிடைத்துவிடும். இந்த அளவுக்கு இயற்கை நமக்கு உதாரமாயிருந்தாலும், வேறொரு வகையில் நம் பாடு அவர்கள் பாட்டைக் காட்டிலும் கடினமானது. அவர்களுடைய சாற்றை அந்நாட்டுக் குளிரே பெரும்பாலும் காத்துக்கொடுக்கிறது. நம் பருவமோ மாசியில் தொடங்கிப் பங்குனி, சித்திரை வெயிலில் உச்சத்தை அடைந்து ஆடியில் முடிவது. அந்த உஷ்ணத்தில் காவலின்றி விடப்பட்ட பனஞ்சாறு சில மணி நேரத்துக்குள்ளாகவே நுரைத்துப் புளித்துவிடும். ஆகையால் குளிர் செய்யும் வேலையை நம் நாட்டில் சுண்ணாம்பைக் கொண்டு செய்விக்கிறோம்.

விளையைச் சுத்தம் செய்வது தை மாதத்து வேலை. காய்ந்த ஓலைகளையும் மட்டைகளையும் கழித்து, சில்லாட்டையை அகற்றி, ஏறுகிறவனின் கையும் காலும் படும் இடங்களில் கருக்கு இல்லாமல் செய்துவிடவேண்டும். கழித்தவற்றில் ஒன்றையும் வீணாக்கலாகாது. ஓலையும் மட்டையும் பன்னாளைக்கு அடுப்பெரிக்க உதவும். ஆனால் விறகின் ஆசையாலோ ஓலையின் விலையாலோ பச்சை ஓலையை அளவுக்கு மீறி வெட்டுகிறவர்கள், மரத்தின் உணவையே வெட்டுகிறார்கள் என்பதை உணரவேண்டும். குருத்தும் அதைச் சுற்றியுள்ள ஓலைகளும் நிறைவாக நின்றால்தான் பாளை கொழுக்கும். பனை பாளை விடுவதற்கே பதினைந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. அவ்வளவு காலம் பொறுத்து வளர்ந்த மரத்தை ஒரே பருவத்தில் சக்கையாகப் பிழிந்துவிடுவது அறமும் அன்று, லாபமும் அன்று. மெலிந்த பாளை விட்டிருக்கும் மரங்களை அந்த ஆண்டு தொடாமல் விட்டுவிடுங்கள்.

ஏறும் வித்தையை எந்தப் புத்தகமும் கற்பிக்க இயலாது. நானும் அதற்குத் துணியவில்லை. மரத்தில் சாய்த்து முதலடி வைப்பதற்கான முருக்குத்தடி, பாதங்களைப் பிணைக்கும் தளைநார், நெஞ்சை மரத்தின் செதிலினின்றும் காக்கும் தோல், இடுப்பில் தொங்கும் அரிவாள்பெட்டி, அதனுள் தோல் வகிர்வதுபோல் கூர் ஏற்றிய பாளை அரிவாள், இவை யாவும் பனையேறியின் உடைமை. அவற்றின் பழுதை அவரே அறிவார். விளைக்கு உடையவர் செய்யத்தக்கவை வேறு. நார் நைந்திருந்தால் புதிதுக்குப் பணம் கொடுப்பதும், காற்று மீறிய நாளிலும் மரம் நனைந்த நாளிலும் ஏறச்சொல்லி வற்புறுத்தாமலிருப்பதும், அவருக்கு உரிய பங்கைப் பருவத்தின் முதலிலேயே பேசி முடித்து அதில் ஒரு காசும் குறையாமல் தருவதும் ஆகிய மூன்றும் தவறலாகாது. ஒருவர் நாளுக்கு முப்பது நாற்பது மரங்களைக் காலை மாலை இருவேளையும் ஏறி இறங்குகிறார் என்றால், அந்த உழைப்பின் அளவை நாம் ஒரு நாளாவது விளையில் நின்று கண்ணாற்காணவேண்டும். பனையேறிகள் குறைந்துவிட்டார்கள் என்று அங்கலாய்க்கிற நாம், இருப்பவர்களை எப்படி நடத்துகிறோம் என்பதையும் யோசிப்பது நலம்.

இனி பாளை. அலகுப்பனை என்னும் ஆண்பனையிலும், பருவப்பனை என்னும் பெண்பனையிலும் பதனீர் இறக்கலாம். ஆண்பனையின் பாளை விரல் விரலாகக் கிளைத்திருக்கும். அவ்விரல்களை நாரால் சேர்த்துக் கட்டி, கடிப்பு என்னும் மர இடுக்கியால் அடியிலிருந்து நுனி வரையில் மிருதுவாக நெரித்துக்கொடுக்கவேண்டும். பெண்பாளையில் இளம் பிஞ்சுகள் முற்றுவதற்கு முன்பாகவே, அதற்கென அமைந்த கடிப்பால் அவ்வாறே இடுக்கவேண்டும். நசுக்கிவிடக்கூடாது, உள்ளிருக்கும் திசு கன்றிச் சாறு ஊறத்தக்க அளவுக்கு மட்டுமே அழுத்தம் போதும். இதைச் சில நாட்கள் தொடர்ந்து செய்து, நுனியைச் சிறிது சீவிவிட்டு, நாள்தோறும் காலை மாலை மெல்லிய சீவல் ஒன்றை எடுத்துவந்தால், ஒரு வாரம் பத்து நாட்களில் வெட்டுவாயில் ஈரம் பனித்து, திரண்டு, சொட்டத் தொடங்கும். சீவலின் கனத்தில்தான் தேர்ந்த கை தெரியும். அதை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவவேண்டும். அவ்வளவு மெல்லியதாக எடுத்தால்தான், பழைய வெட்டுவாயில் அடைத்துக்கொண்ட பகுதி மாத்திரம் நீங்கி, பாளை நெடுநாள் நீடித்துச் சுரக்கும். தடித்துச் சீவுகிறவர் ஓரிரு நாள் அதிகமாகக் காண்பார். சித்திரை பிறப்பதற்குள் பாளை தீர்ந்துபோயிருக்கும். நல்ல பருவத்தில் ஒரு மரம் நாளொன்றுக்கு இரண்டு முதல் ஐந்து லிட்டர் வரை தரும். மரத்துக்கு மரம் இது வெகுவாக மாறுபடும்.

கலயத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். பனஞ்சாறு பாளையினின்றும் சொட்டும்போது ஏறக்குறைய நடுநிலையான ரசம் உடையது. காற்றிலும் கலயத்தின் சுவரிலும் வெட்டுவாயிலும் இருக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அதனுள் புகுந்தவுடன் சர்க்கரையைச் சாராயமாக மாற்றத் தொடங்குகிறது. கூடவே வரும் வேறு கிருமிகள் புளிப்பை உண்டாக்குகின்றன. புளிப்பு ஏறிய சாற்றைக் காய்ச்சினால், சர்க்கரை இரண்டாகப் பிளந்து மணிமணியாக உறையும் சக்தியை இழந்துவிடுவதால், எவ்வளவு நேரம் எரித்தாலும் அது கட்டியாகாமல் பிசினாகவே நிற்கும். சுண்ணாம்பு இந்த இரண்டையும் தடுக்கிறது. அதன் காரத்தில் ஈஸ்ட் பெருகாது. பிறக்கும் புளிப்பும் உடனுக்குடன் சமனாகிவிடும். சுண்ணாம்பு இடாத கலயத்தில் சேர்வது கள் ஆகிவிடும். தமிழ்நாட்டில் கள் இறக்குவது சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

சுண்ணாம்பை எங்கே தேடுவது என்ற கவலை நமக்கு இல்லை. முத்துக்கும் சங்குக்கும் பேர்போன இந்தக் கரையிலே கிளிஞ்சலுக்குக் குறைவேது? கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பே சிறந்தது. வெள்ளையடிப்பதற்கென்று மணலும் கரியும் கலந்து விற்பதை வாங்காதீர்கள். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து மெல்லிய துணியில் வடித்து, தயிர்ப்பதத்துக்குக் குழைத்துக்கொள்ளவேண்டும். முந்தின நாள் கலயத்தைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்துக் காயவைத்த பிறகே பூச்சு இடலாம். பழைய பூச்சின்மேலேயே புதிய பூச்சை ஏற்றுகிற சோம்பல் சில இடங்களில் உண்டு. அந்த இரு பூச்சுகளுக்கும் நடுவே நேற்றைய புளிப்பு ஒளிந்திருக்கும். கையை உள்ளே விட்டு, அடியிலும் பக்கங்களிலும் மெல்லியதாக ஒரே சீராகத் தடவி, பூச்சு ஈரமாயிருக்கும்போதே மரத்துக்கு அனுப்பலாம்.

அளவு எவ்வளவு என்று கேட்பீர்கள். குறைந்தால் புளிக்கும், மிகுந்தால் கருப்பட்டி கறுத்து, நாவில் உறைத்து, மழைநாளில் கசியும். இதை அறிய எளிய பரீட்சை ஒன்று இருக்கிறது. மஞ்சள்பொடியைத் தண்ணீரில் குழைத்துக் காகிதத்தில் தடவி உலர்த்திவைத்துக்கொண்டு, இறக்கிய பதனீரில் ஒரு சொட்டை அதன்மேல் விட்டுப்பார்க்கவேண்டும். மஞ்சள் சற்றே சிவந்தால் சுண்ணாம்பு போதுமானது. ஆழ்ந்த செந்நிறமாக மாறினால் மிகுதி. நிறம் மாறவேயில்லையெனில் அந்தக் கலயத்தைத் தனியே வைத்துச் சுவைத்துப் பாருங்கள். புளிப்புத் தட்டிய ஒரு கலயத்தை நல்ல பதனீரோடு சேர்த்துக் கொட்டுவதைப்போன்ற நஷ்டம் இத்தொழிலில் வேறில்லை. ஒரு கலயத்தை இழக்க மனமில்லாமல் ஒரு தாச்சியை இழந்துவிடுவோம். மிகுதியான சுண்ணாம்புக்கு வழி உண்டு: பதனீரைச் சிறிது நேரம் அசையாமல் வைத்திருந்து, வண்டல் அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் சரித்து எடுத்துக்கொள்ளலாம். இந்தத் தெளிய வைக்கும் நேரமும் நீண்டுவிடலாகாது.

காலைப் பதனீரை வெயில் ஏறுவதற்குள் இறக்கி, இறக்கிய கையோடு விடிலிக்குக் கொண்டுவந்துவிடவேண்டும். கலயத்தில் தேனீயும் எறும்பும் விழுந்திருப்பது இயல்பே. பன்னாடையில் ஒருமுறையும், அலசிய மெல்லிய துணியில் ஒருமுறையும் வடிகட்டினால் போதும்.

விடிலி எனப்படும் ஓலைக்குடிசை விளைக்குள்ளேயே, அதிக மரங்கள் நிற்கும் பக்கமாக இருப்பது நல்லது. இதன் அமைப்பில் நம் கரைக்கு உரிய இரண்டு காற்றுகளைக் கணக்கில் கொள்ளவேண்டும். பங்குனி, சித்திரையில் நண்பகலுக்கு முன்னதாகவே கடற்காற்று கிழக்கிலிருந்து எழும். ஆனி, ஆடியில் மேல்காற்று வீசித் தேரியின் செம்மணலை வாரிக்கொண்டு வரும். குதிரைமொழித் தேரியை அடுத்த விளைகளில் அந்நாட்களில் மூடாத பாத்திரம் எதிலும் மணல் படியும். ஆதலின் அடுப்பின் வாயை இவ்விரு திசைகளுக்கும் விலக்கி வைத்து, மேற்குப்புறத்தை ஓலைத்தட்டியால் நெருக்கமாக அடைத்துவிடுங்கள். அடுப்புக்குப் புகைபோக்கி வைப்பதைச் செலவென்று கருதவேண்டா. நாள்தோறும் மூன்று நான்கு மணி நேரம் அந்த அடுப்பின் முன்னே நிற்பவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள். அவர்களுடைய கண்ணையும் நெஞ்சையும் புகைக்குக் கொடுத்துவிட்டு எடுக்கும் கருப்பட்டி எவ்வளவு விலைக்குப் போனால்தான் என்ன? எரிபொருளாகக் காய்ந்த ஓலை, மட்டை, பாளைக்கட்டை, உடைவிறகு ஆகியவற்றைக் கலந்து வைத்துக்கொள்ளவேண்டும். ஓலை சடுதியில் கனலெழுப்பி அடங்கும். உடைவிறகு நின்று எரியும். தொடக்கத்துக்கு முன்னதும் நடுவே பின்னதும் உதவும். முடிவிலே இரண்டையும் வெளியே இழுத்துவிட நேரும்.

அகன்ற இரும்புத் தாச்சியில் அரையளவுக்கு மேற்படாமல் பதனீரை ஊற்றி நெருப்பை மூட்டியதும், கொதி வருமுன்பே சாம்பல் நிறமான அழுக்கு மேலே திரளும். கொதி வந்தபின் அது மீண்டும் கரைந்து கலந்துவிடுமாதலால், அதற்கு முன்னதாகவே துளைக்கரண்டியால் வழித்தெடுத்துவிடவேண்டும். பிறகு நெருப்பை முழு வேகத்தில் விடலாம்; இந்தக் கட்டத்தில் தயங்குவதால் நன்மையில்லை. நீர் விரைந்து வற்றுவதே இப்போது வேண்டுவது. நெடுநேரம் மந்தமாகக் கிடந்து வேகும் பதனீர் நிறம் கெடும். அடுத்த கட்டத்தில் நுரை பொங்கும். வெண்ணுரையாக எழுந்து, பழுப்பாகி, தாச்சியின் விளிம்பைத் தாண்டப் பார்க்கும் அந்த வேளையில், வறுத்து இடித்த ஆமணக்கு விதையில் ஒரு சிட்டிகை தூவினால் அதன் எண்ணெய் பரவி நுரை அப்படியே அமுங்கிவிடும். சிட்டிகைதான், கையளவு போட்டால் கருப்பட்டியில் எண்ணெய் நெடி நிற்கும்.

நீர் பெரும்பகுதி வற்றிக் கூப்பனி என்னும் பாகுப்பதம் வந்ததும், கொதியின் ஓசை மாறுகிறது. முன்பு சலசலத்தது இப்போது கனத்து, குமிழிகள் பெரிதாகித் தாமதித்து உடையும். மணமும் பச்சைவாடை நீங்கி முதிரும். இங்கிருந்து துடுப்பைக் கையிலிருந்து விடலாகாது. அடிபிடித்தால் ஒரு கணத்தில் முழுத் தாச்சிக்கும் தீய்ந்த ருசி ஏறிவிடும். நெருப்பைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீரில் சொட்டுவிட்டுப் பார்க்கவேண்டும். கரைந்து கலங்கினால் இன்னும் பதமில்லை. விரலுக்கு அகப்பட்டு மிருதுவாக உருண்டால் நெருங்கிவிட்டது. உருட்டிய உருண்டை தாச்சியின் விளிம்பில் போட்டால் ஒட்டாமல் ‘டக்’கென்று ஒலித்தால், அந்தக் கணமே நெருப்பை வெளியே இழுத்துவிடவேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்கள் 115 முதல் 118 டிகிரி செல்சியஸ் வரையில் இதைக் காணலாம். எனினும் சுண்ணாம்பின் அளவுக்கும் பருவத்துக்கும் ஏற்ப இது சற்று முன்பின்னாக வருமாதலால், வெப்பமானி சொல்வதைத் தண்ணீர்ச் சொட்டால் சரிபார்த்துக்கொள்வதே உசிதம்.

இறக்கிய பாகை உடனே ஊற்றிவிடக்கூடாது. துடுப்பால் பக்கங்களைத் தேய்த்துத் தேய்த்துக் கிளறும்போது, பளபளப்பு மங்கி, நிறம் வெளுத்து, பாகின் உடம்பில் நுண்மணல் பிறப்பது தெரியும். சர்க்கரை மணிகள் உண்டாகின்றன என்பதற்கு அதுவே அடையாளம். அது தெரிந்ததும், முன்னரே தண்ணீரில் ஊறவைத்து மணலில் வரிசையாகப் பதித்துவைத்த சிரட்டைகளில் வார்க்கவேண்டும். தாமதித்தால் தாச்சியிலேயே இறுகிவிடும். அவசரப்பட்டால் சிரட்டையில் அடி கட்டியாகவும் மேல் பாகாகவும் பிரிந்து நிற்கும். ஆறியதும் கவிழ்த்துத் தட்டினால் கழன்று வரும். சுக்கும் ஏலமும் இட்டுச் சில்லுக்கருப்பட்டி வார்க்க விரும்புவோர், மணல் பிறக்கும் வேளையில் அவற்றைத் தூவிச் சிறு அச்சுகளில் ஊற்றலாம்.

பதம் தப்பிக் கட்டியாகாமல் நின்றுவிட்டதைச் சீனியைக் கொட்டிக் கட்டியாக்கும் வழக்கம் பரவியிருப்பது வருந்தத்தக்கது. சீனி கலந்த கட்டியை உடைத்துப் பார்த்தால் உள்ளே பளபளவென்று மினுங்கும். உண்மைக் கருப்பட்டியின் உடைவாய் மங்கலாகவே இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனியார் சர்க்கரை ஆலை நடத்தி, திசையன்விளையிலிருந்து கருப்பட்டியைக் கொண்டுவரச் சிறு ரயில் பாதையே போடும் அளவுக்கு இந்தப் பிரதேசத்தின் சரக்குக்கு மதிப்பு இருந்தது. இன்று உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரைக் கலப்படத்தால் அழித்துக்கொள்வது, கிடைத்த சொத்தை நாமே தீயிட்டுக்கொள்வதாகும். கட்டியாகாத பாகைக் கூப்பனியாகவே ஜாடியில் வைத்துக்கொண்டு பலகாரத்துக்குப் பயன்படுத்துங்கள். அதற்கும் கொள்வார் உண்டு.

வார்த்த கட்டிகளை நிழலில் உலர்த்தி, ஓலைப்பெட்டியில் ஓலையிட்டு அடுக்கி, அடுப்பின் புகை படும் பரணில் வைப்பது நம் முன்னோர் முறை. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரக்காற்றிலிருந்து காக்க இதனினும் எளிய உபாயம் இல்லை. சீமெந்துத் தரையிலும் சுவரோரத்திலும் வைத்தால் கசியும்.

ஆனி கழிந்து பாளை மெலியத் தொடங்கியதும், சொட்டு உள்ளவரை சீவுவோம் என்று பிடிவாதம் கொள்ளாமல் கலயங்களை இறக்கிவிடவேண்டும். அவற்றைச் சுரண்டி, வெந்நீரில் கழுவி, வெயிலில் பல நாள் காயவைத்துக் கவிழ்த்து அடுக்கினால் அடுத்த மாசிக்கு ஆகும். பெண்பனைகளில் சிலவற்றைப் பருவத்தின் தொடக்கத்திலேயே சீவாமல் நுங்குக்கும் பழத்துக்கும் விட்டிருந்தால், ஆவணி, புரட்டாசியில் பழம் உதிரும். அந்தக் கொட்டைகளில் கனமானவற்றைப் பொறுக்கி, விளையில் மரம் விழுந்த இடங்களிலும் வேலியோரத்திலும் பத்தடிக்கு ஒன்றாக, மழைக்கு முன்னதாக ஊன்றிவிடவேண்டும். நாற்றாக வளர்த்துப் பெயர்த்து நடுவது பனைக்கு ஒவ்வாது. முளைத்தவுடன் அதன் வேர் நேரே ஆழத்துக்கு இறங்கிவிடுமாதலால், மரம் எங்கே நிற்கவேண்டுமோ அங்கேயே விதையை இடவேண்டும். முதல் இரண்டு கோடைகளில் ஆடு கடிக்காமல் முள் அடைத்துக் காத்தால் போதும். தண்ணீர் ஊற்றவேண்டிய அவசியமில்லை.